மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து சுவிஸுக்கு வருபவர்களுக்கு: மருத்துவக் காப்புறுதியை முதல் வாரமே பாருங்கள்

சுவிஸுக்கு வந்து இறங்கியதும் வீடு, வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஓடித் திரிவோம். இங்கே எல்லாரும் கிராங்கன்காசை என்று சொல்லும் மருத்துவக் காப்புறுதி பின்னுக்குப் போய்விடும். வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஏதாவது ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாக வேண்டும் என்பது சட்டம். அந்தக் கெடுவுக்குள் எப்போது சேர்ந்தாலும் வந்த நாளிலிருந்தே காப்பு கிடைக்கும், மாதக் கட்டணமும் அந்த நாளிலிருந்தே கட்ட வேண்டும். ஆகவே கடைசிவரை இழுத்தடிப்பதில் ஒரு சதமும் மிஞ்சாது, மூன்று மாதக் காசு ஒன்றாகக் கேட்பார்கள். கெடு தாண்டினால் மேலதிகக் கட்டணம் விழும், இடையில் வந்த நோய்ச் செலவும் உங்கள் தலையில்தான்.

நம்மட பக்கத்து ஆட்களுக்கு இது பிடிபட நாள் எடுப்பதில் வியப்பில்லை. மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியிலோ, களுவாஞ்சிகுடியிலோ, கல்முனையிலோ, அக்கரைப்பற்றிலோ வாட்டில் சேர்க்கும்போது யாரும் காப்புறுதி அட்டை கேட்பதில்லை. சத்திரசிகிச்சை முடிந்தாலும் பில் வராது. அது சும்மா கிடைத்த ஏற்பாடல்ல. 1931இல் இலங்கையில் எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது. 1934-35இல் மலேரியா ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் சனங்கள் ஆசுபத்திரி கேட்டார்கள். இலவச வைத்தியம் அப்படித்தான் வளர்ந்தது.

குறையும் நமக்குத் தெரியும். 2022 நெருக்கடியில் மருந்தைத் துண்டில் எழுதி, வெளியே பாமசியில் வாங்கச் சொன்னார்கள். ஸ்கானுக்குக் காத்திருக்க முடியாதவர்கள் தனியாரிடம் போனார்கள். காலையில் அரசாங்க கிளினிக்கில் பார்த்த அதே வைத்தியரைப் பின்னேரம் காசு கட்டிச் சனல் பண்ணுவதும் நடக்கிறது. அப்படியிருந்தும், கையில் காசில்லாத ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட ஓர் இடம் இருக்கிறது. அதை நான் மிகப் பெரிய விஷயமாக மதிக்கிறேன்.

சுவிஸ் வேறு வழி எடுத்தது. 1996இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி எல்லாரும் கட்டாயம் காப்புறுதி எடுக்க வேண்டும், ஆனால் தருவது தனித்தனி நிறுவனங்கள். அடிப்படைக் காப்புறுதி எனப்படும் இந்தக் கட்டாயக் காப்புறுதியில் அவர்கள் இலாபம் எடுக்கக் கூடாது, யாரையும் மறுக்கவும் கூடாது. சீனி வருத்தமோ, பிறஷரோ, இருதய ஒப்பரேஷன் செய்தவரோ, விண்ணப்பித்தால் சேர்த்தே ஆக வேண்டும். எந்த நிறுவனமானாலும் கிடைக்கும் சிகிச்சை ஒன்றுதான், விலை மட்டும் வேறு. அதனால் பெரிய பெயரைப் பார்த்து மயங்காமல் மலிவானதை எடுங்கள்.

எனக்குப் பொறுக்காதது ஒன்று. ஒரே ஊரில் ஒரே வயதில் ஒரே நிறுவனத்தில் ஒரே திட்டம் எடுத்தால், உணவகத்தில் கோப்பை கழுவுபவரும் வங்கி முகாமையாளரும் ஒரே தொகை கட்டுகிறார்கள். நிறுவனங்களுக்குப் பதிலாக ஒரே பொதுக் காப்புறுதி வேண்டுமா என்று 2014 செப்டெம்பரில் வாக்கெடுத்தபோது ஏறத்தாழ 62 வீதம் பேர் வேண்டாம் என்றார்கள். கட்டணம் வருமானத்தின் 10 வீதத்தைத் தாண்டக் கூடாது என்ற கோரிக்கையும் 2024 ஜூனில் தோற்றது. தெரிவு செய்யும் சுதந்திரம் போய்விடும், வரி கூடும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். வரிசை நீளும் என்ற பயத்தை நம்மட ஊர் அனுபவத்தால் நான் விளங்கிக்கொள்கிறேன். ஆனாலும் இயன்றவர் கூடக் கட்டி இயலாதவரைத் தாங்குவதுதான் நியாயம் என்றே நினைக்கிறேன்.

இப்போதைக்கு இருக்கும் நிவாரணம், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மாநிலம் தரும் கட்டணக் குறைப்பு. சில மாநிலங்களில் தானாக வரும், சிலவற்றில் நீங்களே விண்ணப்பிக்க வேண்டும், அதற்கும் கெடு உண்டு. பதியப் போகும் அன்றே கெமைண்டே எனப்படும் உள்ளூராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

நம்மவர்கள் அதிகம் சிக்குவது பிராஞ்சீசேயில். வருடத்தில் முதலில் உங்கள் கையிலிருந்து போகும் தொகை அது. பெரியவர்களுக்கு 300 முதல் 2500 பிராங்க்வரை உள்ள ஆறு படிகளில் ஒன்றை எடுக்கலாம். அதற்கு மேல் வரும் செலவிலும் 10 வீதம், வருடத்துக்கு 700 பிராங்க்வரை, நீங்களே கட்ட வேண்டும். 300 எடுத்தவருக்கு 2300 பிராங்க் பில் வந்தால் 300உம் மீதி 2000இல் 200உம் சேர்த்து 500 போகும். 2500 எடுத்தவர் முழு 2300ஐயும் தானே கட்ட வேண்டும். மாதக் கட்டணம் குறைகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு 2500 எடுக்காதீர்கள். அந்தக் காசு வங்கியில் கிடந்தால், நோயும் இல்லாவிட்டால் மட்டும் எடுங்கள். பிள்ளைகளுக்குப் பிராஞ்சீசே பூச்சியமாகவே வையுங்கள். கர்ப்பிணிகளுக்கு 13ஆம் வாரம் தொடங்கி, பிள்ளை பிறந்து எட்டு வாரம்வரை இந்தப் பங்குச் செலவு இல்லை.

குடும்ப வைத்தியர் திட்டம் எடுத்தால் கட்டணம் குறையும். ஆனால் ஊரில்போல நேரே விசேட வைத்தியரிடம் போனால் நிறுவனம் காசு தர மறுக்கலாம், முதலில் குடும்ப வைத்தியரிடம்தான் போக வேண்டும். வாரத்தில் எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஒரே முதலாளியிடம் வேலை செய்தால் விபத்துக் காப்புறுதி அங்கேயே இருக்கும், கிராங்கன்காசையில் அதை நீக்கிவிடலாம். காப்புறுதி நிறுவனம் மாற நினைத்தால் உங்கள் விலகல் கடிதம் நவம்பரின் கடைசி வேலைநாளுக்குள் பழைய நிறுவனத்தின் கையில் கிடைத்திருக்க வேண்டும். கட்டணத்தைக் கட்டாமல் விட்டால் பெத்திரைபுங் என்ற கடன் அறவீட்டுப் பதிவு விழும், அதை வைத்துக்கொண்டு வீடு தேடுவது பெரும் பாடு.

பல் வைத்தியத்துக்கு அடிப்படைக் காப்புறுதி பெரும்பாலும் ஒன்றும் தராது. ஊரில் இருக்கும்போதே பல்லைக் காட்டி முடித்துக்கொண்டு வாருங்கள். கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் காட், ஸ்கான் முடிவுகள், பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவு எல்லாவற்றையும் கைப்பையில் வையுங்கள்.

ஊரில் 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். இங்கே 144, பில்லும் வரும், அதில் ஒரு பகுதியைத்தான் காப்புறுதி தரும். ஆனால் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென்று வாய் கோணுதல் என்றால் பில்லை நினைத்து ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். உடனே 144 அடியுங்கள். காசைத் தவணையில் கட்டப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.