மரபு உடைக் கட்டுரைகள்: புதிய வாசகர் எங்கே தடுமாறுகிறார்?

மரபு உடைகளைப் பற்றி, யாரும் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்துக்கு எழுத வருகிற புதியவர்களின் வரைவுகள் அடிக்கடி என் கைக்கு வரும். நாங்கள் எல்லோரும் விழுந்த அதே குழிகளில்தான் அவர்களும் விழுகிறார்கள். எழுத்துப்பிழை, சான்று இல்லாமை, 'எழில்மிகு', 'தனித்துவமிக்க' போன்ற அடைமொழிகள் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவற்றை அடுத்து வருகிற யாராவது திருத்திவிடுவார்கள். திருத்துபவர் கண்ணுக்கும் தப்புகிற தவறுகள் சில உண்டு.

முதல் வரியிலேயே பெருமை பேசுவது

"ஹான்போக் கொரிய மக்களின் பண்பாட்டு அடையாளம்." சரி, ஆனால் அது சட்டையா, போர்வையா, தொப்பியா? பெண்களுக்கு ஜொகோரி என்கிற குட்டையான மேல்சட்டை, மார்பளவிலிருந்து விரிந்து இறங்கும் பாவாடை. ஆண்களுக்கு மேல்சட்டையும் தொளதொளத்த கால்சட்டையும். இதை முதலில் சொல்லுங்கள். அடையாளம் இரண்டாம் பத்தி வரை காத்திருக்கும்.

இடது, வலது: யாருடைய இடது?

இத்தனை வரைவு பார்த்த பிறகும் எனக்கு எரிச்சல் வருவது இந்த ஒன்றில்தான்.

ஜப்பானியரின் கிமோனோவை உடுத்தும்போது, உடுத்துபவரின் இடப்பக்க மடிப்பு மேலே வரவேண்டும். வலது மேலே வருவது இறந்தவரின் உடலுக்கு உடுத்துகிற முறை. ஆக, கட்டுரையில் ஒரு சொல் மாறினால், அதைப் பார்த்து உடுத்துகிறவர் பிணத்துக்குரிய கோலத்தில் போய் நிற்பார்.

ஒரு வரைவில் 'வலது மடிப்பு மேலே' என்று இருந்தது. எழுதியவரைக் கேட்டால், "படத்தைப் பார்த்துத்தானே எழுதினேன்" என்றார். பொய் சொல்லவில்லை. எதிரே நிற்பவரின் இடது நமக்கு வலப்பக்கம் தெரியும், அவ்வளவுதான். இன்னொரு கட்டுரையில் எழுத்து சரி, படம்தான் தலைகீழ். பக்க அமைப்புக்குப் பொருந்தவேண்டும் என்று யாரோ படத்தை இடவலமாகப் புரட்டிச் சேர்த்திருந்தார்கள். பின்னால் இருந்த பெயர்ப்பலகையின் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிக் கிடந்தன. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. படத்தைப் பார்த்த வாசகர் கட்டுரைதான் தவறு என்று நினைத்து, சரியாக இருந்த வரியையும் 'திருத்தி'விட்டுப் போனார்.

சீன ஹான்ஃபு பற்றி எழுதிய இருவரின் கதை இதைவிட மோசம். ஒருவர் 'வலப்பக்கம் மூடும்' என்று எழுத, மற்றவர் அதை அழித்து 'இடது மடிப்பு மேலே' என்று போட, முதலாமவர் மறுபடி மாற்ற, உரையாடல் பக்கம் நீண்டுகொண்டே போனது. இருவரும் சொன்னது ஒன்றுதான். இடது மடிப்பு மேலே வந்தால் அதன் ஓரம் வலப்பக்கத்தில்தானே முடியும்! அங்கே இது சின்ன விஷயமும் இல்லை: பழஞ்சீன அமைச்சர் குவான் சோங் மட்டும் இல்லாதிருந்தால் நாமெல்லாம் தலைமுடியை விரித்துப்போட்டு, ஆடையை இடப்பக்கம் மூடிக்கொண்டு திரிந்திருப்போம் என்று கன்பூசியசே சொன்னதாக இருக்கிறது. நாகரிகத்துக்கே அளவுகோலாக இருந்த ஒரு மடிப்பு அது.

இப்படி எழுதினால் சண்டைக்கு வேலையில்லை: 'உடுத்துபவரின் இடப்பக்க மடிப்பு மேலே வந்து, வலப்பக்க விலாவில் கட்டப்படும்.' யாருடைய பக்கம், எது மேலே, எங்கே கட்டு. மூன்றில் ஒன்றையும் விடாதீர்கள். தோளுக்கும் இதே விதிதான். ரோமானியரின் டோகா இடத்தோளில் விழும், வலக்கை விடுபட்டிருக்கும். நிவி முறைச் சேலையில் முந்தானை இடத்தோள் வழியாகப் பின்னால் போகும். குஜராத்தி முறையில் பின்னாலிருந்து வலத்தோள் வழியாக முன்னால் வரும். இரண்டுக்கும் 'முந்தானையைத் தோளில் போடுவர்' என்று எழுதிவிட்டால் வாசகருக்கு இரண்டும் ஒன்றுதான்.

துணியைச் சொல்லி, உடுத்துவதை விடுவது

சரிகை, சாயம், தறி என்று பத்தி பத்தியாகப் போகும். உடம்பில் எப்படி நிற்கிறது என்று ஒரு வரி இருக்காது. தைக்காத உடைக்கு அந்த ஒரு வரிதான் உயிர். எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் சுற்றுகிறது, எது பிடித்து நிறுத்துகிறது: கச்சையா, ஊசியா, செருகலா? எழுதி முடித்ததும் உங்கள் வரிகளை மட்டும் ஒருவரிடம் கொடுத்து, ஒரு போர்வையை எடுத்துச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே விழிக்கிறாரோ அங்கே ஒரு வாக்கியம் குறைகிறது.

'தொன்றுதொட்டு'

ஆண்டைப் போடுங்கள். ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும், இடுப்பிலிருந்து முழங்கால் வரை வரும் இன்றைய கில்ட் 18ஆம் நூற்றாண்டுக்கு உரியது. அதற்கு முன் இருந்தது, இடுப்பில் கச்சையால் இறுக்கி மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொள்ளும் நீளத் துணி. அதுவும் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெரியவருகிறது. 1746இல் இயற்றிய சட்டம் ஆண்கள் ஹைலாண்டு (ஸ்காட்லாந்து மலைநாட்டு) உடை அணிவதைத் தடைசெய்தது; தடை நீங்கியது 1782இல். குலத்துக்கொரு கட்டம்போட்ட துணி என்கிற வழக்கம் நிலைபெற்றது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில். இவ்வளவையும் 'தொன்றுதொட்டு' என்கிற ஒரு சொல் விழுங்கிவிடும். வாசகர் 13ஆம் நூற்றாண்டுப் போர்வீரனுக்கும் கில்ட் மாட்டிப் பார்ப்பார்.

வரிக்கு நான்கு அயற்சொற்கள்

ஒன்று போதும். மற்றவை பெயர் குறித்த வரைபடத்துக்குப் போகட்டும்.

'லுங்கி போன்றது'

எதில் போன்றது? பர்மிய லோஞ்சியை ஆண்கள் முன்பக்கம் முடிச்சிடுவார்கள், பெண்கள் பக்கவாட்டில் மடித்துச் செருகுவார்கள்.

'அணிவர்'

யார், எப்போது? நீண்டு தொங்கும் கைகள் கொண்ட ஃபுரிசோடே மணமாகாத இளம்பெண்களின் கிமோனோ. 'ஜப்பானியப் பெண்கள் அணிவர்' என்றால் பாட்டிக்கும் அதுதான் என்றாகிறது. ஹான்போக் இன்று பெரும்பாலும் திருமணம், பண்டிகை நாட்களோடு நின்றுவிட்டது. பூட்டானிலோ ஆண்கள் கோ உடுத்தியும் பெண்கள் கிரா உடுத்தியும்தான் அரசு அலுவலகத்துக்குப் போகவேண்டும், அது விதி. பண்டிகை உடையையும் அலுவலக உடையையும் ஒரே 'அணிவர்' கொண்டு முடிக்கிற வரைவுகளை நான் அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.