கார்டுக் கடன்களை ஒரே கடனாக மாற்றலாமா? நூற்றுக்கு எத்தனை ரூபாய் என்று பாருங்கள்

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் வட்டியை வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று பெரியவர்கள் பேச மாட்டார்கள். நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்றுதான் கேட்பார்கள். ஒரு ரூபாய் வட்டி நியாயம், ரெண்டு ரூபாய் வட்டி கொஞ்சம் கனம், மூன்று ரூபாய் என்றால் எழுந்து வந்துவிடுவார்கள். கிரெடிட் கார்டுக் கடனையும் இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். தெரிந்தவர்கள் கார்டு ஸ்டேட்மென்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போடும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கார்டு வட்டி. பாக்கி வைத்தால் பெரும்பாலான கார்டுகளில் மாதம் 3 முதல் 3.75 சதவீதம் வரை போடுகிறார்கள். அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. சாதாரணக் கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது, கார்டு வட்டிக்கு உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. 3.5 சதவீதம் என்று அச்சடித்திருந்தால், வரியோடு சேர்த்து நூற்றுக்கு 4 ரூபாய் 13 காசு. இந்த வட்டிக்குத் தெருவில் யாராவது பணம் கொடுத்தால் நாம் வாங்குவோமா?

எங்கள் தெருவில் பலகாரம் போட்டு விற்கும் ஒரு பெண், "ஆச்சி, மாசாமாசம் மினிமம் தவறாமக் கட்டுறேன். கடன் மட்டும் ஏன் குறையவே மாட்டேங்குது?" என்று கேட்டாள். ரெண்டு கார்டில் 90,000, 60,000 என்று மொத்தம் ஒன்றரை லட்சம் பாக்கி. தீபாவளி ஆர்டருக்கு எண்ணெயும் மாவும் வாங்கியது பாதி, மகன் கல்லூரிக் கட்டணம் பாதி. மினிமம் என்பது அந்த மாதம் குறைந்தபட்சம் கட்டியாக வேண்டிய தொகை. அவள் கார்டுகளில் அது பாக்கியில் 5 சதவீதம், அதாவது 7,500 ரூபாய். அதில் வட்டி 5,250, ஜிஎஸ்டி 945. இரண்டும் சேர்ந்து 6,195 போக, அசலில் கழிவது 1,305 ரூபாய்தான். பாக்கி இருக்கும்போது அதே கார்டில் புதிதாக வாங்கும் சாமானுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகை போய்விடும். அவள் அந்தக் கார்டில்தான் இன்னமும் தேங்காய் எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தாள்.

அதே ஒன்றரை லட்சத்தை 16 சதவீதத்தில், அதாவது நூற்றுக்கு ஒன்றே கால் ரூபாய்க்குச் சற்று மேல், தனிநபர் கடனாக மாற்றினால் என்ன ஆகும் என்று பார்த்தோம். ரெண்டு வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 7,345 ரூபாய். கடனே குறையாமல் மினிமமாகக் கட்டிக்கொண்டிருக்கும் தொகையைவிடக் குறைவு, கடனோ 24 மாதத்தில் தீர்ந்துவிடும். மொத்த வட்டி சுமார் 26,300. பிராசஸிங் கட்டணம் 2 சதவீதம் என்றால் ஜிஎஸ்டியோடு 3,540. அவளுக்கு மாற்றுவதுதான் சரி, தயக்கமே வேண்டாம்.

ஆனால் இங்கேதான் ஒரு ஆபத்து. வங்கியில், "அஞ்சு வருஷமாப் போட்டுக்கங்க, தவணை 3,650தான் வரும்" என்பார்கள். கேட்க இனிமையாக இருக்கும். மூன்று வருடம் என்றால் மொத்த வட்டி சுமார் 39,850, ஐந்து வருடம் என்றால் 68,860. தவணைத் தொகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கடைசித் தவணை வரை கையை விட்டுப் போகும் மொத்தப் பணத்தைக் கூட்டுங்கள். வீட்டுச் செலவு போகத் தாங்கும் தவணைகளில் மிகக் குறுகிய காலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வட்டி ஃபிளாட்டா (முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை), குறையும் அசல் மேலா (கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்கு மட்டும்) என்றும் கேளுங்கள். ஃபிளாட் 10 சதவீதம் என்று சொல்லி மூன்று வருடக் கடன் கொடுத்தால், உண்மையில் அது ஏறக்குறைய 18 சதவீதம். கடன் கொடுப்பவர் முக்கிய விவரத் தாள் ஒன்றைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எல்லாக் கட்டணமும் சேர்த்த வருட வட்டி அதில் இருக்கும். அந்த எண்ணைப் பன்னிரண்டால் வகுத்தால் நம் ஊர்க் கணக்கு வந்துவிடும். கடனோடு இன்சூரன்ஸ் பாலிசி ஒட்டியிருந்தால், அது இல்லாமல் தரச் சொல்லுங்கள். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் எவ்வளவு என்பதும் கடன் வாங்கும் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

எல்லோருக்கும் 16 சதவீதம் கிடைக்காது. சிபில் மதிப்பெண், அதாவது இதுவரை கடனை எப்படிக் கட்டினோம் என்று காட்டும் எண், இறங்கியவர்களுக்கு 24, 30 என்று சொல்வார்கள். இரண்டரை ரூபாய் வட்டியைத் தொட்டால் கட்டணமும் சேர்ந்து லாபம் சுருங்கிவிடும். அந்த நிலையில் வேறு வழிகளைப் பாருங்கள். வருடம் ஒரு முறை சிபில் அறிக்கை இலவசம், முதலில் அதை எடுத்துப் பாருங்கள். ஒரே வாரத்தில் ஏழெட்டு இடத்தில் விண்ணப்பம் போட்டால் மதிப்பெண் இன்னும் இறங்கும்.

நகைக்கடன் பற்றி எங்கள் ஊரில் பேசாமல் இருக்க முடியாது. வங்கியில் ஏறக்குறைய முக்கால் ரூபாய், ஒரு ரூபாய் வட்டிக்குள் கிடைக்கும். நாலு ரூபாய்க் கடனை ஒரு ரூபாய்க்கு மாற்றுவது கணக்கில் மிக நல்லது. லாக்கரில் வருடக்கணக்கில் கிடக்கும் வளையலையும் அட்டிகையையும் இதற்கு வைக்கலாம் என்றே சொல்வேன். எங்கள் பக்கத்துத் தாலியான கழுத்துருவில் மட்டும் கை வைக்காதீர்கள். பணக் கணக்கில் இதற்குக் காரணம் காட்ட முடியாது, ஆனால் வீட்டுக்குள் அது உண்டாக்கும் வேதனையைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் வகை வேண்டாம். அந்த நாள் வரும்போது வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைப்பதே பழக்கமாகி, கடைசியில் ஏல நோட்டீஸ் வரும். மாதத் தவணை வகையில் வாங்குங்கள்.

அம்மா பெயரிலோ உங்கள் பெயரிலோ வைப்புத்தொகை இருக்கிறதா? 7 சதவீதம் வட்டி வாங்கிக்கொண்டு 40 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டுவது வீண். உங்கள் பணம் என்றால் உடையுங்கள், அல்லது அதன் மேல் கடன் வாங்குங்கள். பெரியவர்கள் பணம் என்றால், திருப்பித் தரும் தேதியைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

வீட்டை மட்டும் இதில் இழுக்காதீர்கள். கார்டுக் கடனுக்கு ஈடு கிடையாது. அதைத் தீர்க்க வீட்டின் மேல் கடன் வாங்கினால், தவணை தவறும்போது வீடு கேள்விக்குள்ளாகும். பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீடு என்றால், எல்லாப் பங்குதாரரும் கையெழுத்துப் போடாமல் வங்கி தொடாது. அந்தப் பேச்சை எடுத்தாலே குடும்பத்தில் என்னவெல்லாம் நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வேறு கார்டுக்குப் பாக்கியை மாற்றும் சலுகையில் குறைந்த வட்டி சில மாதங்களுக்கு மட்டும்தான். அதற்குள் அடைக்க முடிந்தால் எடுங்கள். கார்டு பாக்கியை அதே வங்கியில் தவணையாக மாற்றினால் அந்த வட்டிக்கும் ஜிஎஸ்டி உண்டு. அதையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

யார் மாற்ற வேண்டாம்? மூன்று நான்கு மாதத்தில் அடைக்க முடிந்தவர்கள். 30,000 பாக்கிக்கு மாதம் 10,000 கட்ட முடிந்தால், மொத்த வட்டி 2,700 ரூபாய் சுமாருக்குள் முடிந்துவிடும். புதுக் கடன் தேவையில்லை. கார்டை எடுக்காமல் கட்டி முடியுங்கள். இரண்டாவது, மாத வரவைவிடச் செலவு அதிகமாக இருப்பவர்கள். இவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கடன் வந்து கார்டு பாக்கி பூஜ்யமாகும், கார்டில் முழு வரம்பும் திறக்கும், ஆறு மாதத்தில் தவணையும் இருக்கும், கார்டு பாக்கியும் இருக்கும். முதலில் மூன்று மாத வரவு செலவை ஒரு நோட்டில் எழுதுங்கள். மொய், சீர், கோயில் வரி எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள், துண்டு விழுவது பெரும்பாலும் அங்கேதான். தவணை கட்டும் அளவுக்கு மிச்சம் வருகிறது என்று அந்த நோட்டில் தெரிந்த பிறகே விண்ணப்பம் போடுங்கள்.

தவணை தவறிவிட்டவர்களிடம் "பாதி கட்டினால் போதும், முடித்துவிடலாம்" என்று ஃபோனில் சொல்வார்கள். சிபிலில் அது 'செட்டில்ட்' என்று பதியும், அப்புறம் நல்ல வட்டிக்குக் கடன் கிடைப்பது கடினம். முழுதாகக் கட்ட வழியே இல்லாதபோது மட்டும் அதை யோசியுங்கள், எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஃபோன் ஆப்பில் நிமிடத்தில் கடன் தருகிறவர்களிடமும், மீட்டர் வட்டிக்காரர்களிடமும் போய்க் கார்டை அடைக்க வேண்டாம்.

மாற்ற முடிவு செய்துவிட்டால், பணம் கணக்கில் விழுந்த அன்றே எல்லாக் கார்டையும் அடையுங்கள். ஒரு நாள் வைத்திருந்தால் ஏதாவது செலவு வந்துவிடும். அடுத்த மாத ஸ்டேட்மென்டில் இடைப்பட்ட நாட்களுக்குச் சின்ன வட்டி வரும், அதையும் கட்டி விடுங்கள். அப்புறம் ஒரு கார்டைக் குறைந்த வரம்பில் வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. புகாருக்கு முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.