“நல்லாத்தானே படிக்கிறான், அவனுக்கு என்ன?” என்று பள்ளியில் கேட்டால்

நான்காம் வகுப்பில் என் மகனின் டைரியில் சிவப்பு மையில் ஒரு வரி வந்தது: ‘எதிர்த்துப் பேசுகிறான்.’ என்ன பேசினான் என்று விசாரித்தேன். கோள்கள் ஒன்பது என்று மிஸ் எழுதியிருக்கிறார். “புளூட்டோவ 2006லயே எடுத்துட்டாங்க மிஸ்” என்றிருக்கிறான். போர்டில் திருத்தும் வரை மூன்று தடவை.

ஆட்டிசமும் அபாரமான படிப்பும் ஒரே பிள்ளையிடம் இருந்தால் பள்ளிக்கு ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். மார்க்கைப் பார்க்கிறவர்கள் உதவி எதற்கு என்பார்கள். காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறவர்கள் கஷ்டமான கணக்கு எதற்கு என்பார்கள். நாம் போய்க் கேட்க வேண்டியது இரண்டையும்தான், ஒரே மூச்சில்.

முதலில் காகிதம். அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்து மாற்றுத்திறனாளி சான்றிதழும் யுடிஐடி அட்டையும் (நாடு முழுக்கச் செல்லும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) வாங்கிவிடுங்கள். ஆட்டிசத்துக்கு ‘இசா’ என்ற அளவுகோல், 40 கேள்விகள். அன்றைக்கு நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். தலை சீவி, பவுடர் போட்டு, “சமத்தா இருடா” என்று கூட்டிப் போனேன். டாக்டர் கேட்டதற்கெல்லாம் “அதெல்லாம் நல்லா செய்வான் சார்” என்றேன். பெற்ற வாய், வேறெப்படி வரும்! பிள்ளையின் மோசமான நாளை அங்கே மறைக்காமல் சொல்லுங்கள்.

ஐக்யூ பரிசோதனை செய்தால் மொத்த எண்ணை மட்டும் வாங்கி வராதீர்கள். பிரிவுவாரியான மதிப்பெண் கேளுங்கள். என் மகனுக்குச் சொல்லறிவு உச்சத்தில், வேகம் தரையில். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் சுமாரான பையன் மாதிரித் தெரியும். அவன் ஏன் விடையை மட்டும் எழுதிவிட்டு ஸ்டெப் எழுதாமல் விடுகிறான் என்பது அந்தப் பிரிவு மதிப்பெண்ணைக் காட்டிய பிறகுதான் மிஸ்ஸுக்குப் புரிந்தது.

அடுத்து சந்திப்பு. பேரன்ட்ஸ் மீட்டிங்கில் பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது இதைப் பேசாதீர்கள். பிரின்சிபாலுக்கு எழுதி, தனியாக அரை மணி நேரம் வாங்குங்கள். கையில் ஒரே ஒரு பக்கம் போதும். நான் எழுதிக்கொண்டு போனது இவ்வளவுதான்: மணி அடிக்கும் இடத்திலிருந்து தள்ளி இருக்கை, ஸ்டெப்பை வாயால் சொன்னால் மார்க், வாரம் இரண்டு பீரியட் மேல்வகுப்புக் கணக்கு. ‘கொஞ்சம் பார்த்துக்கோங்க’ என்று கேட்டால் “பாத்துக்கறோம் மேடம்” என்பார்கள், அத்தோடு முடிந்தது.

மூன்றாவதற்கு ஒரு பேரம் வந்தது: “ஒரு வாரம் கத்தாம இருக்கட்டும், அப்புறம் கணக்கு தரலாம்.” ஒப்புக்கொள்ளவில்லை. அலுத்துப்போய்த்தான் பாதி நாள் கத்துகிறான். சாப்பாட்டைப் பரிசாக வைப்பது மாதிரி அது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் அதற்குள் வரும். முதல் நாளே அதை மேசையில் அடிக்காதீர்கள், பையில் இருக்கட்டும். சிபிஎஸ்இ பொதுத்தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு, எழுதித் தர ஆளும் வைத்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பில் திடீரென்று கொடுத்தால் நம் பிள்ளைகள் மிரளுவார்கள். அதனால் சின்ன வகுப்புப் பரீட்சைகளிலேயே பழக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த அன்றே, “இன்று இவற்றுக்குச் சம்மதித்தீர்கள், நன்றி” என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள். மிஸ் மாறுவார், மெயில் இருக்கும்.

புளூட்டோ விவகாரத்துக்கு ஒரு மஞ்சள் சீட்டுக் கட்டு வாங்கிக் கொடுத்தேன். தப்பு கண்டால் அதில் எழுதி, பீரியட் முடிந்ததும் மிஸ் மேசையில் வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. இந்த வாரம் இரண்டு சீட்டு. ஒன்றில் மிஸ் சொன்னதுதான் சரி.