கிச்சன் டிராலி ஏன் ஆடுகிறது? மாட்டும் முறையும் பராமரிப்பும்

மூன்று தட்டு டிராலியை வாங்கிய பத்தே நாளில் "ஆடுது" என்று பால்கனிக்குத் தள்ளிவிடுகிறவர்கள் அதிகம். பெரும்பாலும் குறை டிராலியில் இல்லை, போல்ட் முடுக்கிய வரிசையில்தான்.

மாட்டும்போது

எந்தத் தட்டு எங்கே என்பதைப் பெட்டியிலுள்ள படமே சொல்லிவிடும். கவனம் வேண்டியது அதற்கு அடுத்த வேலையில். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் திருகி விடுங்கள். ஒரு மூலையை முழுசாக முடுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் சட்டம் கோணிக்கொள்ளும். கடைசி மூலையில் ஓட்டை நேருக்கு நேர் வராது. இழுத்துப் பிடித்து மாட்டினால் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும்.

பிறகு ஹாலில் சமமான டைல்ஸ் மேல் நிமிர்த்தி வைத்து, குறுக்கு மூலைகளாக முடுக்குங்கள்: முன் இடது, பின் வலது, முன் வலது, பின் இடது. இதைச் சமையலறையில் செய்யாதீர்கள். அங்கே தண்ணீர் வடிய, ஜாலி (தண்ணீர் போகும் ஓட்டைத் தட்டு) பக்கம் தரை சரிந்திருக்கும். கூட வரும் குட்டி ஆலன் கீ (போல்ட் முடுக்கும் அறுகோணச் சாவி) விரலைப் பதம் பார்க்கும். டி கைப்பிடி வைத்தது ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

இப்போது ஒரு பேப்பர் துண்டை ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் விட்டுப் பாருங்கள். தடுக்காமல் மறுபக்கம் வந்துவிட்டால் அந்தக் கால் தூக்கி நிற்கிறது. அந்தக் காலின் போல்ட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி, சட்டத்தை மேலிருந்து அழுத்தியபடியே திரும்ப முடுக்குங்கள்.

பிரேக் உள்ள இரண்டு சக்கரமும் முன்பக்கம்தான் வர வேண்டும். கால் எட்டாத பிரேக்கை யாரும் போடுவதில்லை.

ஏற்றும்போது

எண்ணெய் கேன், பருப்பு டப்பா எல்லாம் அடித்தட்டில். மேல்தட்டில் கனம் ஏறினால் டைல்ஸ் இடுக்கில் சக்கரம் தடுக்கும்போது டிராலி குப்புறச் சாயும். 25 கிலோ அரிசி மூட்டை வேண்டாம். 14.2 கிலோ சிலிண்டரும் வேண்டாம். இரும்பு எடையும் சேர்ந்தால் 30 கிலோவை நெருங்கும், அதற்கென்று வட்ட ஸ்டாண்டு தனியாகக் கிடைக்கிறது. மிக்ஸியை வைக்கலாம், ஆனால் மேடைக்கு இறக்கி ஓட்டுங்கள். டேபிள் டாப் கிரைண்டரை வைக்கவே கூடாது. ஓட்டும்போது வரும் அதிர்வில் நட்டுகள் தானாகக் கழலும்.

வெங்காயமும் உருளைக்கிழங்கும் வேறு வேறு தட்டில் இருக்கட்டும். சேர்த்து வைத்தால் சீக்கிரம் கெடும்.

சக்கரம்

இறுகிப்போன சக்கரத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் அச்சைச் சுற்றித் தலைமுடி, நூல், எண்ணெய்ப் பிசுக்கு. சின்னக் கத்தரியால் வெட்டி, குறடால் உருவி எடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் கைக்கு அருகில் இருக்கிறதே என்று விடாதீர்கள், தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும்.

மாற்றுவதாக இருந்தால் பியூ (பாலியூரிதேன்) சக்கரம்தான் என் தேர்வு. நைலான் கடகடவென்று சத்தம் போடும், மொசைக்கில் கோடும் விழும். சென்னை பாரிமுனை ஹார்டுவேர் கடைகளுக்குப் பழைய சக்கரத்தையே கையில் எடுத்துப் போங்கள். மரை ஒத்துவந்தாலும் உயரம் 5 மி.மீ. மாறினால் மறுபடி ஆட்டம்தான். அதே உயரம் கிடைக்காவிட்டால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள்.

துரு

திருவான்மியூர், ராயபுரம் மாதிரி கடலோர வீடுகளில் முதலில் துரு பிடிப்பது வெல்டு வைத்த மூலைகள். உப்பு ஜாடிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு அவசியம். ஆரஞ்சுப் புள்ளி தெரிந்ததும் 120 எண் உப்புத்தாளால் உலோகம் தெரியத் தேய்த்து, துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை, நன்றாகக் காய்ந்த பிறகு எனாமல் இரண்டு கை. துருவுக்கு மேலேயே பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்காலத்தில் அப்படியே செதில் செதிலாக உரிந்து வரும்.

பின்சேர்க்கை: மாப் போட்ட ஈரத் தரையில் டிராலியை நிறுத்தி வைக்காதீர்கள். அச்சு துருப்பிடிப்பது பெரும்பாலும் அங்கிருந்துதான்.