மெட்டுக்குச் சொல் வைப்பது: பாடலாக்கத் தாள் எடுத்திருப்பவர்களுக்கு

கல்லூரியில் பாடலாக்கம் படிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே கவிதை எழுதுகிறவர்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. கவிதையைக் கண் படிக்கும். புரியாவிட்டால் திரும்பப் போய்ப் பார்க்கும். பாட்டு வாயிலிருந்து காதுக்குப் போகிறது, திரும்ப வராது. ஒரு பருவத்துக்குக் கிடைக்கும் ஏறத்தாழ 15 வாரத்தில் முதல் 4 வாரத்தைச் சொல் எழுதவே செலவிடாதீர்கள். மெட்டை அளக்கப் பழகுங்கள்.

30 வினாடி அளவுள்ள ஒரு மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர் கீபோர்டில் வாசித்து அனுப்பியதாக இருக்கலாம். நன்கு தெரிந்த பாட்டின் மெட்டு வேண்டாம். பழைய சொற்கள் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பேனா எடுக்காமல் 10 முறை கேளுங்கள், தொடையில் தாளம் போட்டபடி. 11ஆம் முறை தத்தகாரத்தில் (பொருளில்லாத தன, தான, தனனா ஒலிகளில்) பாடி உங்கள் குரலையே செல்பேசியில் பதியுங்கள். இனி அந்தப் பதிவுதான் உங்கள் அளவுகோல். அதைக் கேட்டுத் தாளில் தத்தகாரத்தை எழுதி, மூன்று குறிகள் இடுங்கள்: நீண்டு நிற்கும் சுரத்தின் கீழ் ஒரு கோடு, பாடகர் மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு வெட்டு, மெட்டு உச்சிக்குப் போகும் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி. இந்த மூன்று குறி இல்லாத தாளை வைத்துக்கொண்டு எழுதினால் பாதி வரியைப் பின்னால் அடிக்க வேண்டிவரும்.

தத்தகாரம் பிடிக்க மிகச் சிறந்த பயிற்சிக்கூடம் திருப்புகழ். 15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் அளவுக்குச் சந்தத்தை விதவிதமாகக் கையாண்டவர்கள் குறைவு. பல பதிப்புகளில் பாட்டின் தலையிலேயே சந்தக்குழிப்பை, அதாவது பாட்டின் ஒலி அளவைத் தத்தகாரத்தில் காட்டும் வரியை, அச்சிட்டிருப்பார்கள். அதைக் கையால் மறைத்துக்கொண்டு பாட்டை உரக்கப் படியுங்கள், நீங்களே சந்தம் எழுதுங்கள், பிறகு கையை எடுத்து ஒப்பிடுங்கள். வாரம் 5 பாட்டு போதும். திருப்புகழ் போன்ற வண்ணப்பாட்டின் அடிப்படைச் சந்தங்கள் எட்டு: தத்த (முத்து), தாத்த (பாட்டு), தந்த (பந்து), தாந்த (பாம்பு), தன (நதி), தான (காடு), தன்ன (எண்ண), தய்ய (மெல்ல). சினிமா மெட்டு இத்தனை கண்டிப்பு கேட்காது. ஆனாலும் ‘முத்து’ என்னும்போது நாக்கு ஒரு கணம் அடைத்து நிற்பதையும், ‘பந்து’ என்னும்போது மூக்கு வழியே ஒலி கசிவதையும் உணராதவரால் இசையமைப்பாளர் ஏன் ஒரு சொல்லை மறுக்கிறார் என்று புரிந்துகொள்ள முடியாது.

இப்போது ஒரு வரியை எழுதிப் பார்ப்போம். மெட்டு: தனனா தனனா தனனா தானா. குறில் 1, நெடில் 2, ஒற்று அடைத்த குறிலும் 2 என்று கணக்கு வைத்தால் ஒவ்வொரு துண்டும் 4 மாத்திரை, மொத்தம் 16. கடைசி ‘தானா’ நீண்டு நிற்கிறது. சூழல்: வேலைக்காக விடியற்காலைப் பேருந்தில் ஊரை விட்டுப் போகப்போகிற மகன், முதல் நாள் இரவு தூங்காமல் கிடக்கும் அம்மா.

முதலில் வருவது இப்படி இருக்கும்: ‘இரவே மெதுவாய் நகர்ந்தே போவாய்.’ படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ‘நகர்ந்தே’ 1, 2, 2 என்று 5 மாத்திரை. பாடகர் அதை நசுக்கி ‘நகந்தே’ ஆக்குவார். அடுத்த முயற்சி: ‘இரவே மெதுவாய் விடியேன் கொஞ்சம்.’ அளவு சரி, பேச்சும் இயல்பு. ஆனால் நீள வேண்டிய இடத்தில் ‘கொஞ்சம்’ உட்கார்ந்திருக்கிறது. ‘ஞ்’ வந்து வாயை மூடிவிடுகிறது, குரல் நீட்ட வழியில்லை. மாத்திரை சரியாக இருந்தும் வரி தோற்பது இந்த இடத்தில்தான். திறந்த நெடில் இரண்டு வேண்டும் என்று தேடினால் ‘தாயே’ கிடைக்கிறது: ‘இரவே மெதுவாய் விடியேன் தாயே.’ ஒரு தாய் இரவைத் தாயே என்று கெஞ்சுகிறாள். உனக்கும் தெரியாதா என்கிற கேள்வி அதற்குள் இருக்கிறது. அளவு தேடிப்போன இடத்தில் பொருள் அகப்பட்டது. மெட்டுக்கு எழுதுவதைக் கைவிலங்கு என்று நினைப்பவர்கள் இந்த அனுபவத்துக்காகவாவது 50 வரி எழுதிப் பார்க்க வேண்டும்.

புள்ளி வைத்த உச்சி சுரத்தில் ஆ, ஏ, ஓ வைத்தால் குரல் திறக்கும். அங்கே இ, உ வந்தால் பெரும்பாலான குரல்கள் இறுகும்.

குற்றியலுகரத்தில், அதாவது குறுகி ஒலிக்கும் ‘உ’வில், முடியும் சொற்கள் தமிழில் ஏராளம். ‘காற்று’ என்பதை நீள் சுரத்தில் வைத்தால் ‘காற்றூ’ என்றுதான் கேட்கும். ‘காற்றே’, ‘காற்றில்’ என்று மாற்றுங்கள். இல்லையென்றால் அடுத்த சொல்லை உயிரில் தொடங்கிச் சேர்த்துவிடுங்கள்: ‘காற்றாடும்’. குறிலின் மேல் நீண்ட சுரம் விழுவது இன்னும் மோசம். மனம் மானமாகும், கலை காலையாகும், விடு வீடாகும், பலம் பாலமாகும். எழுதியவருக்கு இது கேட்கவே கேட்காது, ஏனென்றால் என்ன எழுதினோம் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் வரியைத் தாளில் காட்டாமல் வகுப்புத் தோழர் ஒருவருக்குப் பாடிக்காட்டி, அவர் கேட்டதை எழுதச் சொல்ல வேண்டும். வேறாக எழுதினால் குற்றம் அவர் காதில் இல்லை.

மூச்சு வெட்டும் அதே போலத்தான். ‘மறவாதே’ என்ற சொல்லுக்கு நடுவே மூச்சு விழுந்தால் முதலில் காதில் விழுவது ‘மற’. காதலி சொல்ல வந்ததற்கு நேர் எதிர். சொல் முடியும் இடமும் மூச்சு விழும் இடமும் ஒன்றாக இருக்கும்படி வரியை மாற்றுங்கள். புணர்ச்சியையும் போட்டுவிட்டு எண்ணுங்கள்: ‘மெல்ல பேசு’ என்று எழுதி அளந்தவர் பாடும்போது ‘மெல்லப் பேசு’ வரும், ‘ல’ ஒரு மாத்திரை கூடிவிடும்.

எதுகை மோனையை யாப்பிலக்கணத் தேர்வுக்குப் படித்தபடி அப்படியே கொண்டுவராதீர்கள். சகரத்துக்குத் தகரம் மோனை என்பது ஏட்டில் சரி. வேகமான பாட்டில் காதுக்கு ஒட்டாது. மோனையைத் துண்டுகளின் முதல் எழுத்தில், தாளம் விழும் இடத்தில் வையுங்கள். எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் போதாது, முதல் எழுத்தின் அளவும் ஒக்க வேண்டும்: பட்டு, கட்டு பொருந்தும், பாட்டு, கட்டு பொருந்தாது. இயைபு, அதாவது வரிகளின் முடிவு ஒன்றுபோல ஒலிப்பது, எளிதாகக் கிடைப்பதாலேயே ஆபத்து. வந்தாய், தந்தாய், சென்றாய் என்று வினைமுற்றை அடுக்கி நான்கு வரி முடித்தால் அது விகுதி செய்த வேலை, எழுதியவர் செய்தது அல்ல. வினைமுற்றை வரியின் நடுவுக்குத் தள்ளிவிட்டு, பெயர்ச்சொல்லில் வரியை முடித்துப் பாருங்கள்.

சொல் எழுதத் தொடங்கும் முன் சூழலை 3 வாக்கியத்தில் உரைநடையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: யார், யாரிடம், எந்த நேரத்தில். பிறகு அந்த இடத்துப் பொருள்களின் பெயர் 40. மேலே உள்ள அம்மாவுக்கு என்றால் சோற்றுப் பொட்டலம், புதுப்பை, முதல் பேருந்து, வாசல் விளக்கு, சில்லறை, ஊறுகாய்ப் பாட்டில். நிலா, வானம், கனவு, இதயம் நான்கையும் அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவை கூப்பிடாமலே வரும்.

பல்லவி இரண்டு முதல் நான்கு வரிக்குள் இருக்கட்டும். ஒரே பல்லவியை 5 விதமாக எழுதுங்கள். முதல் இரண்டும் அநேகமாக எங்கோ கேட்டதாகவே இருக்கும், அவற்றைக் கிழிக்க வருந்தாதீர்கள். சரணத்தின் கடைசி வரி பல்லவியின் முதல் வரிக்குள் போய் விழ வேண்டும். பொருளால் மட்டும் போதாது, வாக்கியமாகவும் தொடர வேண்டும். சரணத்தை முடித்த கையோடு பல்லவியை உரக்கச் சொன்னால் தெரிந்துவிடும். மாணவர்கள் பெரிதும் தடுமாறுவது இரண்டாம் சரணத்தில். முதல் சரணத்தில் சொன்னதையே வேறு உவமையில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நேரத்தை நகர்த்துங்கள்: முதல் சரணம் அந்த இரவு என்றால், இரண்டாவது பேருந்து போன பிறகான வீடு. இடமும் நேரமும் மாறினால் புதிய சொற்கள் தாமாக வரும்.

இசையமைப்பாளரிடம் ஒரே ஒரு பல்லவியைக் கொடுப்பது தவறு. 3 கொடுங்கள், மூன்றும் வேறு வேறு சொல்லில் தொடங்கட்டும். எங்கேனும் ஓர் அசை கூடுகிறது என்றால் மெட்டில் ஒரு சுரம் சேர்க்க முடியுமா என்று கேட்கலாம், தவறில்லை. ஆனால் பாட்டுக்கு ஒரு முறைதான் அப்படிக் கேட்க வேண்டும்.

படிப்பு முடிந்து சினிமாவுக்கு எழுதப் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. 2012இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, திரைப்படத்தில் இடம்பெற்ற பாடலைத் திரையரங்கில் படத்தோடு காட்டுவது தவிர்த்த பிற பயன்பாடுகளுக்கு வரும் உரிமத்தொகையில் (ராயல்டியில்) சம பங்கு பெறும் உரிமையை எழுதியவர் விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் மாற்றித்தரலாம். ‘எல்லா உரிமையும் தருகிறேன்’ என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தாலும் அந்தப் பங்கு போய்விடாது. பாடலாசிரியர்களுக்காக இந்தத் தொகையை வசூலிப்பது 1969இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி) என்னும் பதிப்புரிமைச் சங்கம். முதல் பாட்டு வெளியானதும் அதில் உறுப்பினராகப் பதிந்துகொள்ளுங்கள். எழுதிய ஒவ்வொரு வடிவத்தையும், கிழித்தவை உட்பட, தேதி போட்டுப் படம் எடுத்து வைத்திருங்கள். வரி யாருடையது என்ற பேச்சு வந்தால் காட்டுவதற்கு அதுதான் இருக்கும்.