மூன்று தடவை விட்டுப்போன ஆக்சில் பிராக்கெட்

ஏற்காட்டில் காபி மூட்டை ஏற்றும் எங்கள் பழைய ஜீப்பில், பின் ஆக்சிலில் ஷாக் அப்சார்பரைப் பிடித்திருக்கும் வலப்பக்க பிராக்கெட் ஒரே மாதத்தில் மூன்று தடவை விட்டுப்போனது. முதலில் அதே இடத்தில் வெல்டிங் வைத்தோம். அப்புறம் சேலத்தில் ஒரு பட்டறையில் 10 மி.மீ. தகட்டில் புதிதாகச் செய்து, ஆக்சில் குழாயைச் சுற்றி முழுக்க வெல்டிங் அடித்தார்கள்; 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து ஒரு வாரம் கல் பாதையில் ஓடியதும் மறுபடி விட்டுப்போய், குழாய்க்குள் இருக்கும் எண்ணெயும் கசிந்தது. ஷாக் அப்சார்பரை மாற்றியும் பலனில்லை.

சரி என்று நானே அடியில் படுத்து, குழாயில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடி தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் மயிரிழை போல ஒரு கறுத்த கோடு, அதுதான் விரிசல். பிராக்கெட்டில் இல்லை, வெல்டிங்கிலும் இல்லை, வெல்டிங் முடிகிற விளிம்பை ஒட்டிக் குழாயிலேயே! தடித்த தகடு வளையாது, அது முடிகிற இடத்தில் மெல்லிய குழாய்தான் வளைந்து வளைந்து விரிசல் விடுகிறது.

எண்ணெயை வடித்து, விரிசல் மேலும் நீளாமலிருக்கக் கோட்டின் இரு நுனியிலும் 3 மி.மீ. ஓட்டை போட்டு, கிரைண்டரால் பள்ளம் எடுத்து வெல்டிங்கில் நிரப்பினோம். புது பிராக்கெட் 6 மி.மீ. தகடு, குழாய்மேல் சேணம் மாதிரி உட்காரும்படி, நுனிகளைக் குறுக்கிச் செய்தது. குழாயின் நீளவாக்கில் மட்டும், துண்டு துண்டாக, ஆறவிட்டு வெல்டிங்; குறுக்கே ஒரு பொட்டுகூட இல்லை. 7018 வெல்டிங் ராடு ஏற்காட்டுப் பனியில் ஈரம் இழுத்துவிடும், அதனால் 300 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் உலர்த்தினோம். வெல்டிங் மெஷினின் எர்த் கிளிப்பை ஆக்சிலிலேயே மாட்டுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுத்துவிடும்.

ஐந்து மாதமாக லோடோடு ஓடுகிறது, இப்போதுதான் நிம்மதி. போன வாரமும் சாக்பீஸ் தேய்த்துப் பார்த்தேன், கோடு வரவில்லை.