புக்கிட் தீமாவில் பழகிய கால்கள் நீலகிரியில் செய்யும் தவறுகள்

நீலகிரியின் கோத்தகிரியிலிருந்து மலைச்சைக்கிளில் முதல் முறை இறங்கியபோது என்னை நிறுத்தியது ஒரு தேயிலைப் புதர்தான். பிரேக் பிடியை முழு பலத்தோடு அழுத்தினேன். அது ஹேண்டில்பாரைப் போய்த் தொட்டது, சக்கரமோ தன்பாட்டுக்கு உருண்டுகொண்டிருந்தது. முழங்கையில் சிராய்ப்போடு தப்பித்தேன். பின்னால் வந்த நண்பர்கள் முதலில் சிரித்தார்கள், பிரேக் டிஸ்க்கிலிருந்து கிளம்பிய கருகல் வாடை மூக்கில் ஏறியதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

எங்கள் குழுவில் ஆறு பேர். ஐந்து பேர் சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டின் மின்தூக்கியில் சைக்கிளைச் செங்குத்தாக நிறுத்தி ஏற்றி இறக்கிப் பழகியவர்கள். சனிக்கிழமை காலை செஸ்ட்நட், எப்போதாவது சாங்கியில் படகேறிப் புலாவ் உபின் தீவு. செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் மலைச்சைக்கிளுக்கென்றே 8.2 கிலோமீட்டர் பாதை போட்டிருக்கிறார்கள். உபினில் 2008இல் திறந்த கெத்தாம் பூங்காவில் நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் என்று கடினத்தின் அளவுக்கேற்பப் பலகை வைத்து, எது யாருக்கு என்பதையும் சொல்லிவிடுகிறார்கள். சுகமான ஏற்பாடு. அந்தச் சுகம் ஒரு நினைப்பையும் சத்தமில்லாமல் ஊட்டிவிடுகிறது: கண்ணெதிரே ஒரு பாதை இருந்தால் அது சைக்கிள்காரனுக்காகத்தான் இருக்கிறது என்ற நினைப்பு. ஆண்டுக்கு ஒருமுறை நீலகிரிக்குப் போய்வரும் எங்கள் கூட்டம் செய்த தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்தே முளைத்தன.

முதலில் பிரேக் கதையை முடித்துவிடுகிறேன். சிங்கப்பூரின் மிக உயரமான குன்றான புக்கிட் தீமாவின் உச்சி 164 மீட்டரைக்கூட எட்டவில்லை. சிங்கப்பூரில் எந்த இறக்கமும் ஓரிரு நிமிடங்களில் தீர்ந்துபோகும், பிரேக் சூடாகவே நேரம் இருக்காது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கினால் 1,400 மீட்டருக்கும் மேல். ஒன்பது புக்கிட் தீமாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியிலிருந்து இறங்குவதுபோல. பயத்தில் நான் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே வந்தேன். விடவும் இல்லை, அழுத்தவும் இல்லை. அதுதான் தவறு. தொடர்ந்து உரசினால் டிஸ்க் ஆறுவதற்கு இடைவெளியே கிடைக்காது. வெப்பம், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேடைத் தாண்டி, பிடியின் பலத்தைப் பேடுக்குக் கடத்தும் திரவத்துக்குப் போகும். திரவம் கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நாம் பிடியில் கொடுக்கும் பலமெல்லாம் அந்தக் குமிழிகளை நசுக்குவதிலேயே போய்விடும்.

வளைவுக்கு முன்பு, நேர்ப்பாதையில் இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைக்க வேண்டும், பிறகு முழுவதும் விட்டுவிட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று ஆறவிட வேண்டும். நிற்கும்போது டிஸ்க்கை விரலால் தொட்டுப் பார்க்கும் ஆர்வத்தையும், தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கும் யோசனையையும் அடக்கிக்கொள்ளுங்கள். முன்னது விரலைச் சுடும், பின்னது டிஸ்க்கை வளைத்துவிடக்கூடும். ரெசின் பேடுகள் சத்தமில்லாதவை, செஸ்ட்நட்டுக்குப் போதும். நீண்ட இறக்கத்துக்கு உலோகத் துகள் கலந்த பேடுகளே தாங்கும். டாட் (DOT) வகைப் பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். ஆண்டு முழுவதும் ஈரக்காற்றில் நிற்கும் சிங்கப்பூர் சைக்கிளுக்கு, பயணத்துக்கு முன்பு திரவத்தை மாற்றுவது ஆடம்பரச் செலவாகாது. உங்களுடையது மினரல் ஆயில் வகையா, டாட் வகையா என்பதை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் வளையங்கள் பாழ்.

ஏற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஊட்டியின் உயரம் ஏறத்தாழ 2,240 மீட்டர். கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்ஸிஜனில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு அங்கே குறைவு. முதல் நாளே வீரம் காட்டுகிறவர் இரண்டாம் நாள் விடுதியில் போர்வைக்குள் இருப்பார்.

பெட்டி கட்டுவதில்தான் கெட்டிக்காரர்களும் சறுக்குகிறார்கள். பின்சக்கரத்தின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு இணைக்கும் சிறிய அலுமினியத் துண்டு ஒன்று உண்டு, ஹேங்கர் என்பார்கள். கல்லில் அடிபட்டால் கியர் மாற்றியைக் காப்பாற்றுவதற்காகத் தான் முதலில் வளைவது அதன் வேலை. சைக்கிளுக்குச் சைக்கிள் அதன் வடிவம் மாறும் என்பதால் கோயம்புத்தூரில் பத்துக் கடை ஏறி இறங்கினாலும் உங்களுக்குப் பொருந்துவது கிடைக்கும் என்ற உறுதி இல்லை. இருபது முப்பது சிங்கப்பூர் வெள்ளிப் பொருள்; அதை மறந்த நண்பர் ஒருவர் நான்கு நாள் பயணத்தில் மூன்று நாளை வேனில் கழித்தார். சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் பேடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகிவிடுங்கள். வழியில் யாராவது பிடியை அழுத்தினால் பேடுகள் ஒட்டிக்கொண்டு சக்கரத்தை உள்ளே விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும். மின்சார மலைச்சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். பயணிகள் விமானங்களில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரிக்கு இடமில்லை, அந்தச் சைக்கிள்களில் இருப்பது அதைப்போல மூன்று நான்கு மடங்கு.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. கைப்பேசிச் சமிக்ஞை இல்லாத இடத்தில் ஆபத்துச் செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவியை எங்களில் ஒருவர் பொறுப்பாகப் பையில் வைத்திருந்தார். மற்ற நாடுகளில் அது புத்திசாலித்தனம். இந்தியாவில் முன் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். அதற்காக விமான நிலையத்தில் பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. நல்லவேளையாக, புறப்படுவதற்கு முதல் நாள் இரவு அதை வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டார். அதற்குப் பதிலாக, இன்ன வழியில் போகிறோம், இத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று விடுதிக்காரரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறோம். 108 ஆம்புலன்ஸ் எண்ணும் அந்தத் தாளில் இருக்கும்.

எப்போது போவது என்பதைச் சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை அட்டவணை முடிவு செய்தால் மழை நிச்சயம். ஜூனில் போனால் தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கம் கொட்டும். நவம்பரில் போனால் வடகிழக்குப் பருவமழை, அதன் கை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில்தான் ஓங்கும். 2009 நவம்பரில் அங்கே ஏற்பட்ட நிலச்சரிவுகளில் பலர் உயிரிழந்தார்கள். நாங்கள் சீனப் புத்தாண்டு விடுமுறையைப் பிடித்துக்கொண்டோம். மண் காய்ந்திருக்கும், காலைக் குளிரில் விரல் விறைக்கும், கையுறை முழுவிரல் மறைப்பதாக இருந்தால் போதும்.

பொழுதும் ஏமாற்றும். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டியே மறைகிறது, நம் உடம்பு அந்தக் கணக்கில் ஓடுகிறது. மலையின் கிழக்குச் சரிவில் ஐந்து மணிக்கே நிழல் விழுந்துவிடும். அந்த நேரத்தில்தான் காட்டுமாடுகள் தேயிலைக்குள் இறங்கும், கோத்தகிரிப் பக்கம் கரடிகளும் நடமாடத் தொடங்கும். செஸ்ட்நட்டில் குரங்கையும் காட்டுப்பன்றியையும் சமாளித்த அனுபவம் இங்கே செல்லாது. சைக்கிளின் கோளாறு, அது சத்தமில்லாமல் வேகமாக வருவது. காட்டுமாடு நம்மைப் பார்க்கும்போது நாம் அதன் முகத்தெதிரே நிற்போம். வளைவுகளில் மணியடியுங்கள், உரக்கப் பேசிக்கொண்டே போங்கள். மேட்டுப்பாளையம் சாலையில் குஞ்சப்பணைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானைகள் இறங்கிவரும். உள்ளூர்க்காரர் இன்று வேண்டாம் தம்பி என்றால், ஏன் என்று கேட்காமல் திரும்பிவிடுவது நல்லது.

இனி, அனுமதி. கைப்பேசிச் செயலியில் யாரோ பதிவேற்றிய கோடு ஒன்று காட்டுக்குள் அழகாக வளைந்து போகும். அந்த ஆள் அதில் போனார் என்பதற்கு மட்டுமே அது சாட்சி. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மூண்டு, மலையேறச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கென விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளை முன்பதிவு முறையில் திறந்தது. அவை நடப்பவர்களுக்கானவை, சக்கரத்தோடு போய் நின்று வாதாட வேண்டாம். மலைச்சைக்கிளுக்கு மிஞ்சுவது ஊர்ப் பாதைகளும், உரிமையாளர் சம்மதித்தால் தோட்டப் பாதைகளும்தான். சம்மதம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிறது, கூடவே தேநீரும். கோயம்புத்தூரிலிருந்து வாடகை வேன் எடுத்தால் அதற்கு நீலகிரிக்குள் நுழைய இணையவழி அனுமதிச்சீட்டான இ-பாஸ் வேண்டும் என்பதையும், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு நீலகிரியில் தடை இருப்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக ஊர்கள். இதில் நாங்கள் செய்தவை எழுதவே கூச்சமாக இருக்கிறது. படகர்களின் ஊரை ஹட்டி என்பார்கள். வீடுகள் ஒரே வரிசையில் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும், முன்னால் நீளமான பொது முற்றம். மேலேயிருந்து இறங்கும் பாதை பல ஹட்டிகளில் நேரே அந்த முற்றத்தில்தான் வந்து விழும். சைக்கிள்காரன் கண்ணுக்கு அது பாதையின் தொடர்ச்சி. அங்கே வாழ்பவர்களுக்கு அது வீட்டின் முன்கூடம். தானியம் காயும், குழந்தை தவழும், பெரியவர் வெயில் காய்வார். முதல் ஆண்டு நாங்கள் அதன் குறுக்கே வேகம் குறைக்காமல் போனோம். நம் வீட்டு வாசலில், செருப்பு வைக்கும் இடத்தில் ஆறு பேர் சைக்கிளில் சீறிப்போனால் நமக்கு எப்படி இருக்கும்? இப்போது முதல் வீடு தெரிவதற்கு முன்பே இறங்கி, தலைக்கவசத்தையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றிவிட்டுத் தள்ளிக்கொண்டு நடக்கிறோம்.

தோடர்களின் ஊரான மந்தில் இன்னும் கவனம் வேண்டும். அரைவட்டக் கூரையோடு தனியே நிற்கும் கட்டடத்தைப் பார்த்ததும் படமெடுக்கக் கிட்டே ஓடுகிறோம். எருமைப்பாலைக் கையாளும் அந்தப் பால்மனைதான் அவர்களுடைய கோயில். வெளியார் நெருங்கக் கூடாத எல்லை அதைச் சுற்றி இருக்கிறது, அந்த எல்லைக்குப் பலகை கிடையாது. யாரிடமாவது கேட்காமல் புல்வெளியில் சக்கரத்தை இறக்காதீர்கள்.

அப்புறம், சைக்கிளின் விலை. எல்லா ஊரிலும் கேட்பார்கள். போன ஆண்டு ஒரு ஹட்டியில், பச்சைத் தேயிலை மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வந்த பாட்டி ஒருவர் எங்கள் குழுவில் இருந்த அண்ணன் ஒருவரிடம் கேட்டார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் அவர். ஐயாயிரம் வெள்ளியை ரூபாயாக்கி, மூன்று லட்சத்துக்கு மேல் என்றார். முற்றத்தில் பேச்சு நின்றது. பாட்டி சைக்கிளை முன்னும் பின்னும் நடந்து பார்த்தார், இருக்கையை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

“இதில் ஒரு மூட்டை இலை வைக்க முடியுமா, தம்பி?”

“முடியாது, பாட்டி.”

“பின்னால் ஆள் உட்காரலாமா?”

“அதுவும் முடியாது.”

பாட்டி எங்கள் ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, தேநீருக்குத் தண்ணீர் வைக்கச் சொன்னார்.